இயக்குநரின் கண்ணும் நம் வீட்டுப் பிள்ளையும்

(இவ்வாண்டு பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் நடந்த நம் தோட்டத்துக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பரிசளிப்பு விழா மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



ஜொகூர் பாருவில் 170 ஆம் எண் பேருந்தைப் பிடித்து, பாலத்தைக் கடந்து, இந்த அடுக்குமாடிக் கீழ்த்தளத்திற்கு வந்து பார்த்தால் பாதித் தோட்டமே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! செம்பனைக் காட்டில் குலை வெட்டிய கைகள் இன்று இங்கே கட்டடம் கட்டுகின்றன, லாரி ஓட்டுகின்றன, இரவுக் காவல் பார்க்கின்றன. ஆண்டுதோறும் நம் பள்ளிப் பரிசுப் புத்தகங்களுக்குப் பணம் கொடுப்பதும் இதே கைகள்தாம். அதற்கு முதலில் நன்றி கூறிக் கொள்கிறேன்.

என்னைச் சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சினிமாக்காரன் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் என் கைமுதல். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம், நான் செய்த ஒரு தவறு. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நம் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தாயாரின் கைப்பேசியைப் பையில் ஒளித்துக் கொண்டு வந்தான். பிடித்துவிட்டேன். "படிக்க வந்தியா, படம் எடுக்க வந்தியா?" என்று வகுப்பு முன்னால் வைத்து ஏசினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாலையில் தாயார் வந்தார். கைப்பேசியைக் கொடுத்தேன். அவர், "என்னத்தத்தான் எடுக்கிறான்னு நீங்களே கொஞ்சம் பாருங்க சார், எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். வாங்கிப் பார்த்தேன். இரண்டே நிமிடம். லயத்து வீட்டின் பின்வாசலில் அவன் பாட்டி உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்கு சீவுகிறார். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்தான் தெரிகின்றன. சாய்ந்த வெயில் விரல்மேல் விழுகிறது. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். கை நிற்கிறது. அப்போதுதான் முகத்தைக் காட்டுகிறான். பாட்டி வாசலைப் பார்க்கிறார். சத்தம் தாண்டிப் போய்விடுகிறது. கை மறுபடியும் சீவுகிறது. அவ்வளவுதான்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா தம்பி இதை எடுத்தே?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "அப்பா சனிக்கிழமைதான் வரும்னு பாட்டிக்குத் தெரியும் சார். ஆனா எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதை எடுக்க மூணு நாளு உட்கார்ந்திருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த லயத்துப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் பாட்டி தலையைத் தூக்குவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே! (பையனிடமும் அவன் தாயாரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.)

அன்றிலிருந்து, பெரிய இயக்குநர்கள் தங்கள் தொழிலைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நட்சத்திரம், ஆடம்பரம் என்றுதான் இருக்கும் என நினைத்தேன். அவர்கள் சொல்வதோ வேறு. பார்ப்பது, காத்திருப்பது, மனிதனை நம்புவது, இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முதலில் பார்ப்பது.

இலங்கை மட்டக்களப்பில் 1939 இல் பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளி மாணவராக இருந்தபோது சுற்றுலா போன இடத்தில் ஓர் ஆங்கிலப் படப்பிடிப்பைப் பார்த்தார். 1957 இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் அது. இயக்குநர் டேவிட் லீன். லீன் 'மழை' என்று குரல் கொடுத்தாராம், உடனே மழை பெய்ததாம்! மழையை வரவழைக்கிற அந்த வேலைதான் தன் வேலை என்று சிறுவன் மனத்தில் அன்றே பதிந்துவிட்டது. பாலு மகேந்திரா பிற்காலத்தில் பல மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

மாணவர்களே, அது செயற்கை மழை. குரல் கொடுத்தவர் ஒருவர், ஆனால் அந்த மழைக்குப் பின்னால் உழைத்தவர்கள் பலர். திரையில் அவர்கள் முகம் தெரியாது. கட்டடம் எழும்பிய பிறகு அதைக் கட்டியவர் முகம் தெரியாதது போலத்தான்.

அந்தச் சிறுவன் ஆசையோடு நின்றுவிடவில்லை. பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவைப் படித்துத் தேறினார். பிறகு பிறர் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். அவர் இயக்கிய முதல் படம் 'கோகிலா' 1977 இல்தான் வந்தது, கன்னடத்தில். லீனின் மழையைப் பார்த்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன!

கட்டட வேலை செய்கிற அன்பர்கள் அவருடைய 'வீடு' படத்தை அவசியம் பார்க்க வேண்டும். 1988 இல் வெளிவந்தது. சாதாரண சம்பளக்காரப் பெண் ஒருத்தி கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டப் படுகிற பாடுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சிமெண்டு, மணல், குத்தகைக்காரர், அலுவலகம் அலுவலகமாக அலைச்சல், கட்டடத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் நேர்மை, இவைதாம் படம். கதாநாயகியாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது. நாம் தினமும் கலக்குகிற சிமெண்டில் ஒரு கதை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தது அவருடைய கண்.

அடுத்தது காத்திருப்பது.

வங்காளத்துச் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படத்தை 1952 இல் தொடங்கினார். அப்போது அவர் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தார். வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை. ஓய்வு நாளில்தான் படப்பிடிப்பு. அக்காளும் தம்பியும் வெள்ளை நாணல் பூக்களுக்கு நடுவே ரயிலைப் பார்க்கப் போகிற காட்சியில் பாதியை ஒரு நாள் எடுத்தார்கள். மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால் ஒரு பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! என்ன செய்வது? அடுத்த ஆண்டு நாணல் மறுபடியும் பூக்கும்வரை காத்திருந்துதான் அந்தக் காட்சியை முடித்தார்.

பணமும் தீர்ந்தது. மனைவியின் நகையை அடகு வைத்தார். இடையில் படமே நின்றுபோனது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 'பாதையின் பாட்டு' என்ற பெயரைக் கொண்டு, சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணத்தை எழுதினார்களாம்! அந்த ஆண்டுகளைப் பற்றி ராய் சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. மூன்று அற்புதங்களால் படம் பிழைத்தது என்றார். தம்பியாக நடித்த சிறுவனுக்குக் குரல் உடையவில்லை. அக்காளாக நடித்த சிறுமி வளர்ந்துவிடவில்லை. பாட்டியாக நடித்த, எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. 1955 இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் விழாவில் மிகச் சிறந்த மனித ஆவணம் என்று பரிசு பெற்றது.

அந்தப் படத்தில் ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவுக்கு வயது இருபதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அதற்கு முன் அவர் சினிமாக் கேமராவை இயக்கியதே இல்லை. ராய் அவரை நம்பினார். இதுதான் மூன்றாவது பாடம், மனிதனை நம்புவது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம், இந்தச் சிங்கப்பூரிலேயே இருக்கிறது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிற தேக்காவுக்குச் சற்றுத் தள்ளி, பாலஸ்டியர் சாலைப் பக்கம் ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னத் தெரு. ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிலையம் 1967 வரை அங்கே இயங்கியது. மலாய்ப் படங்களுக்கு அங்கே பெயர் வாங்கிக் கொடுத்த இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று வரிசையாகச் சொல்லலாம். அவர்களில் ஒருவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்.

1948 இல் பினாங்கிலிருந்து ஓர் இளைஞர் அந்த நிலையத்திற்கு வந்தார். பின்னணி பாடினார், சின்ன வேடங்களில் நடித்தார். 1950 இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரை முதல் முறையாகக் கதாநாயகனாக நிறுத்தியவர் கிருஷ்ணன். அந்த இளைஞர்தான் பி. ரம்லி! பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்ட ரம்லி, 1955 இல் 'பெனாரேக் பேச்சா' படத்தைத் தாமே இயக்கினார். ரிக்ஷா இழுத்துப் பிழைக்கிற ஓர் ஏழையின் கதை அது. பக்கப் பாட்டுக்காரராக இருந்தவரிடம் ஒரு நாயகனைக் கண்டது ஓர் இயக்குநரின் கண். வாத்தியார் வேலையும் அதுதானே? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதானே எங்களுக்குக் கொடுத்த வேலை? அதில்தான் நான் தவறிவிட்டேன்.

இனி, இங்கே வேலை செய்கிற அந்தப் பையனின் தந்தை என்னிடம் கேட்டதற்கு வருகிறேன். "அதெல்லாம் சரிங்க சார். படம் கிடம்னு அலைஞ்சா சோறு கிடைக்குமா?" என்றார். நியாயமான கேள்வி. வெயிலில் நின்று சம்பாதிக்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

நான் பொய் சொல்ல மாட்டேன். எளிதில் சோறு போடுகிற தொழில் அல்ல இது. சிங்கப்பூர்த் தமிழர் கே. ராஜகோபால் 1990களிலேயே குறும்படங்கள் எடுத்துப் பரிசு வாங்கியவர். அவருடைய முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' 2016 இல்தான் வந்தது, கான் விழாவின் விமர்சகர் வாரத்திலும் திரையிடப்பட்டது. அதற்கு இருபது ஆண்டு ஆயிற்று. ஆகவே பையா, நீ கணக்கையும் படி, மலாயும் ஆங்கிலமும் படி. ராய் செய்ததுபோல் கையில் ஒரு வேலையை வைத்துக்கொள். அதில் சமரசம் கிடையாது.

ஆனால் தகப்பனாரே, பார்க்கத் தெரிந்த கண் வீணாகிவிடாது. அவன் இயக்குநர் ஆகாமலே போகட்டும். வைத்தியராகட்டும், மின்சார வேலை செய்யட்டும், என்னைப்போல் வாத்தியாராகட்டும். தன் பாட்டி எந்தச் சத்தத்துக்குத் தலை தூக்குகிறார் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் மனிதனை மறக்க மாட்டான். அந்தக் கண்ணை நாம் ஏசிக் குருடாக்கிவிடக் கூடாது.

அதற்காகக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கு அதைக் கொண்டு வரக் கூடாது என்ற விதி விதிதான். பிறர் படத்தைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிப்பது வேறு, தன் வீட்டைத் தானே பார்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

நம் பரிசுப் பட்டியலில் கணிதத்திற்குப் பரிசு உண்டு, கையெழுத்துக்கு உண்டு, ஓட்டப் பந்தயத்திற்கு உண்டு. உற்றுப் பார்த்ததற்கு ஒரு பரிசு கிடையாது. அடுத்த ஆண்டிலிருந்து அதற்கும் ஒரு பரிசு வைக்க உங்களிடம் கை நீட்டுகிறேன். தோட்டத்தைப் பற்றி ஒரு மாணவன் எழுதலாம், வரையலாம், இரண்டு நிமிடப் படமாகவும் எடுக்கலாம். பரிசு ஒரு நல்ல தமிழ்ப் புத்தகமாக இருந்தால் போதும்.

இன்னொரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறவர்கள் பையை வைத்துவிட்டு, "என்னடா எடுத்தே, காட்டு" என்று பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அந்தத் தகப்பனாரும் உட்கார வேண்டும். தாம் இல்லாத ஆறு நாளும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பார்த்துக்கொள்வார்.

வகுப்பு முன்னால் ஏசிய அந்தப் பையனிடம், அதே வகுப்பு முன்னால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பேச்சில் சொற்குற்றம், பொருட்குற்றம் இருந்தால் பெரியோர்களாகிய நீங்களும் பொறுத்தருள வேண்டும்.