கொட்டகையில் உருவான வேக வண்டி



மோட்டார் வண்டி என்றவுடன் பெரிய தொழிற்சாலையும், ஆயிரக்கணக்கான தொழிலாளரும், நகர்ந்துகொண்டே செல்லும் வேலைத் தொடரும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அமெரிக்க நாட்டின் தென் கலிபோர்னியாவில், வீட்டை ஒட்டிய சிறு கொட்டகைக்குள்ளேயே ஒருவரோ இருவரோ சேர்ந்து, பழைய உறுப்புகளைக் கொண்டு வேக வண்டி கட்டும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. அவ்வாறு கட்டப்பெறும் வண்டியை ‘ஹாட் ராடு’ என்பர். இப்பெயர் எங்ஙனம் வந்தது என்பதில் அந்நாட்டாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்போம்.

ஹென்றி போர்டின் கம்பெனி 1908 முதல் 1927 வரை ‘டி’ மாடல் வண்டிகளை ஒன்றரைக் கோடி என்னும் அளவில் செய்து விற்றது. அடுத்து வந்த ‘ஏ’ மாடல் 1931 வரை 40 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. புதுப்பொருள் பெருகினால் பழம்பொருளும் பெருகும் அன்றோ? 1930களின் பொருளாதார மந்தத்தின்போது பழைய இரும்புக் கடைகளில் இவ்வண்டிகள் குவிந்து கிடந்தன. கையில் சில டாலர்களே உள்ள இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். அவர்கள் விரும்பித் தேடியது ‘ரோட்ஸ்டர்’ என்னும் வகை. இருவர் அமரலாம்; மடக்கும் துணிக்கூரை; பக்கங்களில் கண்ணாடி கிடையாது. எல்லா வகைகளிலும் இலேசானதும் மலிவானதும் அதுவே. வாங்கியவுடன் சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளையும் கூரையையும் கழற்றி எறிந்து மேலும் இலேசாக்கினார்கள்.

1932ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. எட்டுச் சிலிண்டர் என்ஜின் அதுவரை பெரும்பாலும் செல்வர்தம் வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. எட்டையும் நான்கு நான்காக, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் சாய்த்து, யாவற்றையும் ஒரே வார்ப்பாக வார்த்தெடுக்கும் வழியைப் போர்டின் ஆட்கள் கண்டனர். அவ்வாண்டில் வெளிவந்த அவ்வென்ஜினின் கொள்ளளவு 221 கன அங்குலம். ஆற்றல் 65 குதிரைச் சக்தி. இன்று இது சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் ‘ஏ’ மாடலுக்கு இருந்ததோ 40 குதிரைச் சக்திதான். இலேசான ‘ஏ’ மாடல் உடலில் இந்தப் புது என்ஜினைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க ஓர் இளைஞனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வேகத்தைச் சோதிக்க இடம் வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே மோஹாவே பாலைவனத்தில் சில உலர் ஏரிகள் உள்ளன. மழையில் சிறிது நீர் தேங்கி, வெயிலில் வற்றி, களிமண் தரை பலகைபோல் இறுகிக் கிடக்கும். முராக், எல் மிராஜ் ஆகியவை அத்தகையவை. அங்கே இளைஞர் கூடி ஓட்டிப் பார்த்தனர். ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டையிடாமல் ஒழுங்காக நேரம் அளப்பதற்கென்றே 1937இல் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் தோன்றிற்று. அங்கே தாமே வண்டி ஓட்டிப் பெயர் பெற்ற வேடா ஆர் என்னும் பெண்மணி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அச்சங்கத்தின் செய்தி ஏட்டை நடத்தி, கடல் கடந்து சென்றிருந்த வீரர்களுக்கு அனுப்பி வந்தார். முராக் பின்னர் விமானப் படையின் வசமாயிற்று. 1947இல் ஒலியின் வேகத்தை விஞ்சி மனிதன் முதன்முதல் பறந்தது அந்த ஏரியின் வானில்தான். 1981இல் ‘கொலம்பியா’ விண்வெளி ஓடம் முதன்முறை வந்து இறங்கியதும் அந்தத் தரையில்தான். பையன்கள் தேர்ந்தெடுத்த மைதானம் மோசமானதன்று!

எல்லோரும் ஏரிக்குப் போகவில்லை. நகரத் தெருக்களிலேயே இரவு நேரங்களில் பந்தயம் விட்டவர் பலர், மாண்டவரும் உண்டு. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராடு சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கங்களுள் ஒன்று, இப்பந்தயங்களைத் தெருவிலிருந்து விலக்கி, விதிகளுக்கு உட்பட்ட ஓடுபாதைக்குக் கொண்டுசெல்வது.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்லுகிறேன். 2012 முதல் மூன்றாண்டுகள், பணி நிமித்தம், லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த ஓர் ஊரில் குடியிருந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் எழுபது வயது கடந்தவர். விமானத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் கொட்டகையில் பதினாறு வயதுப் பேரனுடன் ஒரு ரோட்ஸ்டர் கட்டத் தொடங்கியிருந்தார். நான் மாலை நேரங்களில் விளக்குப் பிடிக்கவும், கனமானவற்றைத் தூக்கவும் போவேன். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை தரப்படவில்லை.

அவ்வண்டியை எவ்வாண்டு வண்டி என்பது? சட்டம் 1932, உடல் 1931, கியர்ப் பெட்டி 1939, பிரேக்கு 1940, என்ஜின் 1948. யாவும் போர்டு உறுப்புகளே. எந்த ஆண்டின் எந்த உறுப்பு சிறந்தது, எது எதனோடு பொருந்தும் என்னும் அறிவு, கற்றவர் வாயிலிருந்து கற்பவர் செவிக்கு எழுபது எண்பது ஆண்டுகளாக இறங்கி வந்திருக்கிறது. ஹாட் ராடு என்பதன் உயிர் இந்த அறிவே என்பது என் கருத்து. பளபளக்கும் வர்ணமும் உறுமலும் அதற்குப் பின்னர்த்தான்.

பேரன் என்ஜினிலிருந்து தொடங்க விரும்பினான். பெரியவரோ பிரேக்கிலிருந்துதான் தொடங்கினார். அவர் காரணம் கூறவில்லை. நெடுநாள் கழித்து ஒரு மாலை, தம் அண்ணன் 1956இல் தெருப் பந்தயமொன்றில் வண்டியை நிறுத்த முடியாமல் இறந்துபோனார் என்பதை ஒரே வாக்கியத்தில் என்னிடம் சொன்னார். பிறகு ஸ்பானரைக் கேட்டார்.

இதில் ஒரு பௌதிகக் கணக்கு இருக்கிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மணிக்கு 30 மைல் வேகம் 60 ஆனால், அடக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. 90 ஆனால் ஒன்பது மடங்கு. அத்தனையும் பிரேக்கு உருளைகளில் வெப்பமாக மாறியாக வேண்டும். ‘ஏ’ மாடலின் பிரேக்குகள் மிதியிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் இரும்புக் கம்பிகளால் இணைக்கப்பட்டவை. கம்பி ஒன்று சற்றுத் தளர்ந்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. வண்டி பக்கவாட்டில் இழுக்கும். திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்னும் பாஸ்கல் விதியைப் படித்திருக்கிறீர்கள். அதனைக் கொண்டு இயங்கும் திரவப் பிரேக்கைப் போர்டு கம்பெனி 1939 மாடலிலிருந்துதான் பொருத்தியது. போருக்குப்பின் ஹாட் ராடு கட்டியோர் பலர் செய்ததைப் போலவே, பெரியவரும் அந்தப் பிற்காலப் பிரேக்கை முற்கால அச்சில் ஏற்றினார். இடையில் ஒரு வளையம் தேவைப்பட்டது. அதைத் தம் சிறு கடைசல் இயந்திரத்தில் தாமே கடைந்தார். ஒரு வளையம் மனத்துக்கு ஒவ்வாததால் மீண்டும் கடைந்தார்.

அடுத்தது சட்டம். தரையில் சுண்ணாம்புக் கோடிட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தார்கள். இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை என்று பொருள். வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும் நம் கொத்தனாரும் இதையே செய்கிறார். பின்பு சட்டத்தின் பக்கக் கால்களை மூடினார்கள். அவை ஒரு புறம் திறந்த வாய்க்கால் போன்றவை. இருமடங்கு ஆற்றல் உள்ள என்ஜினை ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். திறந்த புறத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தால் அது பெட்டிபோல் ஆகிவிடும். பெரியவர் பேரனிடம் இரு தபால் அட்டைகளைக் கொடுத்து, இரண்டையும் குழலாகச் சுருட்டி, ஒன்றின் விளிம்பை மட்டும் ஒட்டச் சொன்னார். ஒட்டாத குழல் விரலின் சிறு திருகலுக்கே முறுக்கியது. ஒட்டியது அசைந்து கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே காகிதம்தான். நேயர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். பற்றவைக்கும் கருவி தேவையில்லை.

என்ஜினில்தான் சோதனை வந்தது. இந்தப் பழைய ‘வி’ என்ஜினில் வால்வுகள் மேல்மூடியில் இல்லை. சிலிண்டர்களின் பக்கத்திலேயே, இரு வரிசைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஒட்டி இருக்கின்றன. ஆதலின் மேல்மூடி தட்டையானது. அமைப்பு எளிது, விலை மலிவு. ஆனால் எரிந்த வாயு வெளியேற வேண்டுமாயின், உட்புறத்திலிருந்து சிலிண்டர்களுக்கிடையே வார்ப்பின் ஊடாக வெளிப்புறத்துக்கு வர வேண்டும். வரும் வழியெல்லாம் தன் வெப்பத்தைக் குளிர்நீருக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறது. எனவே இந்த என்ஜின் எளிதில் கொதிக்கும்; கொதித்துக் கொதித்து ஆறிய வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு வெப்பமாகத் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனினும் 1953 வரை அமெரிக்காவில் போர்டு கார்களில் இவ்வகை என்ஜினே ஓடியது.

பெரியவர் வாங்கியிருந்தது 239 கன அங்குலம், 100 குதிரைச் சக்தி உடைய போருக்குப் பிந்திய வகை. விற்றவர் குறையொன்றுமில்லை என்று உறுதி கூறியிருந்தார். அதைக் கழுவி, காந்தமேற்றி, மேலே நுண்ணிய இரும்புப் பொடி தூவிச் சோதித்தார்கள். வெடிப்பு உள்ள இடத்தில் காந்தப் புலம் வெளியே கசியும். பொடி அங்கே சென்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாதிருந்த இரண்டு வெடிப்புகள் மயிரிழைக் கோடுகளாகத் தெரிந்தன. ஒன்று மூடியின் திருகுத் துளையோரம். அது பழுது பார்க்கக்கூடியது. மற்றொன்று வால்வு அமரும் இடத்திலிருந்து சிலிண்டர்ச் சுவர்வரை ஓடியிருந்தது. அதையும் ஆணி பதித்துத் தைக்கலாம், உறை போடலாம் என்று சிலர் சொன்னார்கள். பேரன் அதுவரை சேர்த்த பணம் முழுவதும் அதில் போயிருந்தது. பொடியைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, விற்றுவிடலாம் என்றான். பெரியவர் சுண்ணாம்புக் கட்டியால் அவ்விரு வெடிப்புகளையும் சுற்றித் தடித்த வட்டமிட்டு, அந்த வார்ப்பைக் கொட்டகை வாசலிலேயே வைத்துவிட்டார். வேறொன்று கிடைக்க ஏழு மாதமாயிற்று. பையன் அவ்வேழு மாதமும் ஒரு பழமுதிர்க் கடையில் மாலை வேலை பார்த்தான்.

இக்காலத்தில் ஒருநாள், பழைய வண்டிகளை உள்ளவாறே காப்பவர் ஒருவர் வந்து பார்த்து, 1932 சட்டத்தை வெட்டி ஒட்டுவது சிற்பத்தை உடைப்பதற்கு ஒப்பாகும் என்று கடிந்துகொண்டார். அவர் கூற்றில் பாதி நியாயம் உண்டு. அவ்வாண்டு ரோட்ஸ்டர்கள் அருகிவிட்டன; ஒஹையோ மாநிலத்தில் புதிய எஃகுத் தகட்டில் அவற்றின் உடலைப் புதிதாகவே அடித்து விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதுபடாத வண்டி ஒன்றைப் பிரித்து ஹாட் ராடு ஆக்குவது எனக்கும் உடன்பாடன்று. ஆனால் பெரியவரின் சட்டம் ஒரு பண்ணையில் வேலிக்கு முட்டுக்கொடுத்திருந்தது. உடலின் அடிப்பாகம் துருவேறி உதிர்ந்திருந்தது. அவற்றை அப்படியே காப்பதென்றால் துருவைத்தான் காக்க வேண்டும். வந்தவரும் தேநீர் அருந்திவிட்டு, தம்மிடமிருந்த ஒரு ஜோடி விளக்குக் கிண்ணங்களை அனுப்பி வைத்தார்.

உறுப்புகள் யாவும் சேர்ந்ததும் வர்ணம் பூசாமலேயே ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் முழுதும் பூட்டி ஓட்டி, குறை களைந்து, மறுபடி முற்றும் பிரித்த பின்பே வர்ணம் பூசுவது அங்குள்ள நல்ல தொழிலாளர் வழக்கம். ஒரு காலி மைதானத்தில் மணிக்கு 20 மைலில் நிறுத்தினார்கள், பிறகு 30, பிறகு 40. இடப்பக்கம் இழுத்தது. சரிசெய்து மீண்டும் நிறுத்தினார்கள். அந்தச் சனிக்கிழமை நான் எண்ணியவரை முப்பத்தொரு முறை நிறுத்தினார்கள். வேகமாக ஒரு முறையும் ஓட்டவில்லை.

அந்த என்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து செல்லும் கிளைக்குழாய் இரு கார்புரேட்டர்களுக்கு உரியது. விக் எடல்பிராக் என்பவர் தம் 1932 ரோட்ஸ்டருக்காக அத்தகைய குழாய் ஒன்றை ஆக்கி, பின்னர் அதையே பெருந்தொழிலாக வளர்த்தார். பெரியவரும் ‘ஸ்ட்ராம்பர்க் 97’ என்னும் புகழ்பெற்ற கார்புரேட்டர்கள் இரண்டை வாங்கித் துலக்கி வைத்திருந்தார். ஆனால் ஒன்றைத்தான் பொருத்தினார். மற்றைய வாயைத் தகட்டால் மூடித் திருகினார். இரண்டாவது எப்போது என்று பேரன் கேட்டதற்கு, ஓராண்டு ஓட்டிய பிறகு என்றார். 2015இல் நான் அவ்வூரை விட்டுப் புறப்படும்போது, வண்டி சாம்பல் நிற அடிப்பூச்சுடன் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. தகடு அவ்விடத்திலேயே இருந்தது.