வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்



நான் மும்பை தாராவியில் பிறந்தவள். என் பாட்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். என் அம்மா பல வருடங்களாக வீட்டிலேயே அப்பளம் இடுகிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

2011-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவின் முன்னே பலகை. கையில் குழவி. விரலெல்லாம் உளுந்து மாவு. "வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்றார் அம்மா. நான் அப்போது சிறுமி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்று அது சரியாகப் படவில்லை. வெளியே வேலைக்குப் போகிறவருக்குத் திரும்பும் நேரம் என்று ஒன்று உண்டு. நமக்கு ஒரே அறை. அதில்தான் அடுப்பு, படுக்கை, பலகை எல்லாம். "சும்மாதானே இருக்கிறாய், பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று பக்கத்து வீட்டார் விட்டுப் போவார்கள். வேலை இரவுக்குத் தள்ளிப்போகும்.

நம் வகுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். எண் எழுதக் கற்றதும் ஒரு நோட்டு வாங்கினார். எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை கிலோ இட்டார் என்று எழுதினார். பத்து நாள் கழித்து இருவரும் கூட்டிப் பார்த்தோம். காலையில் 3 மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டரை கிலோ. இரவு 10 மணிக்கு மேல் 2 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிலோ. அதிலும் ஓரம் தடித்தது, வட்டம் கோணியது என்று கழிந்தவை பல. தூங்காமல் இட்டதில் பாதி வீண்!

அவர் இரவு வேலையை விட்டார். மதியம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டார். காலையில் தண்ணீர் பிடிப்பது இப்போது மகன் வேலை. முதலில் முணுமுணுத்தான், பிறகு பழகிவிட்டான். கூலி கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். ஆனால் இப்போது இரவில் தூங்குகிறார். மாலையில் மகளோடு உட்கார்ந்து படிக்கிறார்.

இன்னொன்று. வெட்கப்படாமல் கேளுங்கள். பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று நம்மில் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால்தான் நீர்க்கடுப்பு வருகிறது. தண்ணீர்ச் செம்பு பலகை பக்கத்தில் இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை எழுந்து இடுப்பை நிமிர்த்துங்கள்.

1959-இல் இதே மும்பையில், கிர்காவில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத். அங்கே மாவு பிசைவது கிளையில். பெண்கள் பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப் போய், இட்டுக் காயவைத்து, மறுநாள் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குள் வரும் வேலைக்கு ஓர் அளவு இருந்தது.

நம் வேலைக்கு அளவு வைக்க யாரும் இல்லை. மழைக்காலத்தில் அப்பளம் காயாது. அப்போது குறைவாகத்தான் எடுக்க முடியும். எவ்வளவு குறைவு என்பதைப் போன வருட நோட்டு சொல்லும்.

ஒரு மாதம் அம்மாவின் கணக்கில் மூன்று கிலோ குறைந்தது. மாவு தந்த வியாபாரி தன் நோட்டைக் காட்டினார். அம்மாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. வாய்ப்பேச்சு எடுபடவில்லை.

நோட்டு கொண்டு வந்தவர்கள் எடுங்கள். முதல் வரியில் இன்றைய தேதி. கீழே, இன்று எத்தனை மணிக்குப் பலகை போட்டீர்கள்? எழுதுங்கள்.