யான் கண்ட சில படங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவனைச் சினிமாவைப்பற்றிப் பேசுமாறு பணித்தது நம் செயலாளர் அவர்களின் துணிவே ஆகும். நன்னூலைப்பற்றியோ நளவெண்பாவைப்பற்றியோ பேசுக என்றிருந்தால் யானும் நன்கு பேசியிருப்பேன். நீங்களும் நன்கு உறங்கியிருப்பீர்கள். படக்கலையில் யான் பயிற்சி பெற்றவனல்லேன். ஒளிப்பதிவின் நுட்பமும் படத்தொகுப்பின் இலக்கணமும் அறியேன். விடுமுறை நாட்களிலும், விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளிலும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஆசையினால் பார்த்து வருகின்றேன், அவ்வளவே. ஆகலின் யான் கூறுவன யாவும் என் சொந்த அபிப்பிராயங்கள். கொள்வன கொள்க, தள்ளுவன தள்ளுக.

முதற்கண் என் தொழிலோடு ஒட்டிய படம் ஒன்றை எடுத்துக்கொள்கின்றேன். 1965-ஆம் ஆண்டில் ஏ. பி. நாகராஜன் அவர்கள் எடுத்த 'திருவிளையாடல்' என்பதை அறியாதார் இச்சபையில் ஒருவரும் இரார். நக்கீரராக நாகராஜன் அவர்களே நடித்தார். தருமியாக நாகேஷ் அவர்கள் வந்தார். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாகிய இறையனார் செய்யுளை வகுப்பில் யான் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், நூலைத் திறக்குமுன்னரே பின்வரிசை மாணவன் ஒருவன் தருமியைப்போல் உடலை நெளித்துக் காட்டுவான். வகுப்பு முழுதும் நகைக்கும். பண்டித நண்பர் சிலர் இதற்குச் சினந்துகொள்வர். யான் சினப்பதில்லை. சங்கப்பாட்டு ஒன்று இக்காலத்துச் சிறுவனிடம் ஒரு நகைச்சுவை நடிகரின் வாயிலாக வந்து சேர்ந்தது எனின், சேர்ந்ததே பேறு.

என் குறை வேறு. அப்பாட்டில் பேசுவோன் தலைவன். தலைவி எதிரே நிற்கின்றாள். அவளைப் பாராட்டக் கருதியவன் அவளை நோக்கி ஒன்றும் கூறாமல், பூத்தோறும் தேன் ஆராயும் தும்பியை விளித்து வினவுகின்றான். அவள் வாய் திறப்பதில்லை. தும்பியும் விடை தருவதில்லை. அந்த மௌனத்தில்தான் பாட்டின் உயிர் இருக்கின்றது. படத்திலோ, கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்னும் வழக்கு மட்டும் நிலைபெற்றுவிட்டது, பாட்டு மறைந்துபோயிற்று. நடுநிலையோடு கூறுமிடத்து, இது நாகராஜன் அவர்கள் செய்த பிழையன்று. புராணக்கதை எழுந்தபோதே தொடங்கிவிட்டது. ஆயினும் நம் படங்களில் பெரும்பாலானவற்றின் இயல்பை இஃதொன்றே காட்டிவிடும். வாதம் நிகழ்ந்தால் நமக்கு விருப்பம். மௌனம் வந்தால் படம் நின்றுபோயிற்றோ என்று திரும்பிப் பார்ப்போம்.

நிற்க. வாதம் என்றவுடன் 'பராசக்தி' நினைவுக்கு வரும். 1952-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலைஞர் கருணாநிதி அவர்களின் வசனம். கிருஷ்ணன்–பஞ்சு இருவரின் இயக்கம். சிவாஜி கணேசன் அவர்கள் திரையில் தோன்றிய முதற்படம். செந்தமிழைத் தேநீர்க்கடை வரையில் கொண்டு சென்ற பெருமையில் அப்படத்துக்கு உரிய பங்கைத் தமிழாசிரியன் மறுத்தல் நன்றி மறத்தலாகும். அதன் நீதிமன்றப் பேச்சை மனனம் செய்து ஒப்புவித்து நாத்திறம் பெற்றவர் எண்ணிலர். நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இன்றளவும் அந்த ஏற்ற இறக்கம் கேட்கின்றது. ஆனால் அதனை மீண்டும் மீண்டும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று கூறுகின்றேன். கைம்பெண்ணாகிய கல்யாணி பிச்சையெடுத்ததும், இட்டலிக் கடை வைத்ததும், பசிக்கு அஞ்சிக் குழந்தையை ஆற்றில் எறிந்ததும் ஆகிய துயரம் முழுவதும் அவளுடையது. ஊர் நினைவில் வைத்திருப்பதோ அண்ணனின் பேச்சை.

இந்த அண்ணன்–தங்கை உறவைத் தமிழ்ப்படம் விட்டதேயில்லை. 1961-ஆம் ஆண்டில் பீம்சிங் அவர்கள் இயக்கிய 'பாசமலர்' அதன் உச்சம். எம் இல்லத்தில் அப்படம் ஓடும்போது கைக்குட்டை இல்லாமல் ஒருவரும் அமர்வதில்லை. சாவித்திரி அம்மையார் கண்ணால் நடித்த நடிப்புக்கு ஈடு யான் கண்டிலேன். எனினும் படம் முடிந்து முகம் கழுவியபின் எண்ணிப்பார்த்தால், அண்ணனின் அன்பு எத்துணைப் பெரியது என்று காட்டுவதற்காகவே தங்கையின் வாழ்வு அமைக்கப்பட்டிருப்பது புலனாகும்.

இதற்கு விடை போல வந்தது 1978-ஆம் ஆண்டின் 'முள்ளும் மலரும்'. யான் பார்த்த தமிழ்ப் படங்களுள் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் கட்டளையிட்டால், யான் வைத்துக்கொள்வது இதனையே. உமாசந்திரன் அவர்களின் நாவல், கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது. அதனைத் தழுவி இயக்கியவர் மகேந்திரன் அவர்கள். வியப்பு யாதெனின், 'தங்கப்பதக்கம்' (1974) போன்ற வசனம் மிக்க கதையை எழுதிப் பெயர் பெற்ற அவரே, தாம் இயக்கத் தொடங்கிய முதற்படத்தில் சொல்லை அளந்து வைத்தார். பாலு மகேந்திரா அவர்களின் ஒளிப்பதிவும் இளையராஜா அவர்களின் இசையும் எஞ்சியதைச் சொல்லின.

விஞ்சு இயக்கும் காளி என்னும் முரடனாக ரஜினிகாந்த் அவர்கள். தங்கை வள்ளியாக ஷோபா அம்மையார். தாய்தந்தையரின்றித் தானே வளர்த்த தங்கை, தான் வெறுக்கும் மேலதிகாரியாகிய பொறியாளரை விரும்புகின்றாள். அவரும் முறைப்படி வந்து பெண் கேட்கின்றார். காளி மறுக்கின்றான். மறுப்பதற்கு அவனிடம் நியாயம் ஒன்றும் இல்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒன்றே. அதற்குள் லாரி ஏறி ஒரு கையையும் வேலையையும் இழந்திருக்கின்றான். எஞ்சியிருப்பது தங்கைமேல் உள்ள உரிமை மட்டுமே. அதனையும் விட்டுவிட மனம் வருமா? மளிகைக் கடைக்காரன் ஒருவனுக்கு அவளைக் கொடுக்கத் துணிகின்றான்.

இறுதியில் ஊரார் சிலரும் காளியின் மனைவியும் சேர்ந்து வள்ளியைப் பொறியாளருக்கு மணம் செய்விக்க அழைத்துச் செல்கின்றனர். வழியில் காளி எதிர்ப்படுகின்றான். அவன் அடிக்கவில்லை, அறம் பேசவில்லை. தன்னை விட்டுப் போகின்றாயா என்று கேட்பது ஒன்றே செய்கின்றான். அவள் சில அடி நடக்கின்றாள். பிறகு திரும்பி ஓடிவந்து அண்ணனைப் பற்றிக்கொண்டு அழுகின்றாள். இந்த இடத்தில் வேறு இயக்குநராயின் அண்ணன் வென்றான் என்று மங்களம் பாடியிருப்பார். காளியோ, ஊரையெல்லாம்விடத் தன் தங்கை தன்னையே பெரிதாக எண்ணினாள் என்று தெரிந்த அக்கணமே நெகிழ்ந்து, அவளைத் தானே அழைத்துச் சென்று பொறியாளரிடம் ஒப்படைக்கின்றான். ஒப்படைக்கும்போதும், உம்மை எனக்கு இப்பொழுதும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றான்! அந்த ஒரு சொல்லுக்காகவே அப்படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். மனம் திருந்திவிட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் யான் நம்பியிருக்கமாட்டேன். பிடிக்காத மாப்பிள்ளைக்கும் பெண்ணின் விருப்பம் நோக்கி மணம் செய்துவைக்கலாம் என்பதை நம் குடும்பங்களில் எத்தனை அண்ணன்மார் அறிவர்? வள்ளி திரும்பி ஓடிவராது நடந்து சென்றிருந்தால் காளி என்ன செய்திருப்பான் என்று என் இல்லத்தரசி ஒருநாள் கேட்டார். யான் விடை கூறவில்லை.

மகேந்திரன் அவர்களின் அடுத்த படமாகிய 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தன் அவர்களின் 'சிற்றன்னை'யைத் தழுவியது. ஊருக்குப் பெரிய மனிதனாகவும் வீட்டுக்குக் கொடியவனாகவும் உள்ள ஒருவனை ஊரே ஆற்றில் இறங்கச் செய்யும் முடிவும், கரையில் நிற்கும் குழந்தைகள் இருவரும், கண்ணை விட்டு அகல்வதில்லை. துயரம் தாளாதவர் பார்க்கவேண்டா.

பாட்டும் நடனமுமின்றிப் படம் ஓடாது என்பாருக்கு 1954-ஆம் ஆண்டின் 'அந்த நாள்' ஒன்றே போதும். வீணை எஸ். பாலசந்தர் அவர்கள் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக எடுத்தது. இசையில் பெரும்புலவராகிய அவரே பாட்டு ஒன்றும் வேண்டா என்று விலக்கினாரெனின், அத்துணை அடக்கம் வேறெவருக்கு வரும்? 1943-ஆம் ஆண்டில் சென்னையின்மேல் ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டிய கதை. முடிவைக் கூறினால் பாராதார் என்னை வைவர்; விடுகின்றேன். இதற்கு நேர்மாறானது எஸ். எஸ். வாசன் அவர்களின் 'சந்திரலேகா' (1948). முரசுகளின்மேல் நடனமும், முரசுக்குள்ளிருந்து வீரர் பாய்ந்து வெளிப்படுதலும், வாட்போரும் கண்ணுக்கு விருந்து. கதை மட்டும் அவ்விருந்தில் ஊறுகாய் அளவினது. ஊறுகாய் போதும் என்ற நாளில் யானும் பார்ப்பதுண்டு.

வீடு கட்டினாரும் கட்ட எண்ணுவாரும் இச்சபையில் பலர். அவர்கள் பாலு மகேந்திரா அவர்களின் 'வீடு' (1988) என்னும் படத்தைக் கட்டாயம் காணல் வேண்டும். சென்னையில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்து, சிறு மனையில் வீடு எழுப்ப முயல்கின்றாள். அனுமதிக்குக் கையூட்டு, கடனுக்கு அலைச்சல், சிமெண்டைத் திருடி விற்கும் காண்டிராக்டர் என்று ஒவ்வொன்றும் நாம் பட்டதே. அக்களவை அஞ்சாமல் வெளிப்படுத்துபவள் கல் மண் சுமக்கும் சித்தாள் மங்கம்மா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அர்ச்சனா அம்மையார் இப்படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். என் கண்ணில் நிற்பவரோ பாட்டனாராக வந்த சொக்கலிங்க பாகவதர் அவர்கள். குடையும் கையுமாகத் தனியே புறப்பட்டுப் போய், பாதி எழுந்த சுவர்களைத் தடவித் தடவி அறை அறையாக நடக்கின்றார். வசனம் இல்லை. அதன்பின் அவர் உயிர் நீங்குகின்றது. மனையைக் குடிநீர் வாரியம் முன்னமே எடுத்துக்கொண்டது என்ற செய்தி வந்து, கட்டிய வீடு வழக்கில் நிற்கப் படம் முடிகின்றது. 'இப்படியா முடிப்பது?' என்று என் தமையனார் சினந்தார். அவர் மனை வாங்கும்போது பத்திரத்தை மும்முறை சரிபார்த்தது அப்படத்தின் பின்னரே.

இனிக் கூறப்போவது ஒரு படத்தைப்பற்றி. இதனை நம் மேடையில் எடுக்கலாமா என்று பெரியவர் ஒருவர் நேற்று அன்புடன் வினவினார். வேறு எம்மேடையில் எடுப்பது, ஐயா, என்று யான் வணங்கிக் கேட்டுக்கொண்டேன். 2018-ஆம் ஆண்டில் மாரி செல்வராஜ் அவர்கள் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' அது. ஒடுக்கப்பட்ட குலத்து மாணவன் பரியன், திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேர்கின்றான். வேறு குலத்து மாணவி ஜோதிமகாலட்சுமி அவனுக்கு ஆங்கிலப் பாடம் கற்பித்துத் துணை செய்கின்றாள். தன் வீட்டுத் திருமணத்துக்கும் அழைக்கின்றாள். மண்டபத்தில் அவளுடைய உறவினர் அவனை ஓர் அறையில் அடைத்து அடித்து, சொல்லத்தகாத இழிவு செய்கின்றனர். கொலை செய்தலைக் குலத்துக்கு ஆற்றும் பணியெனக் கருதும் ஒரு முதியவனும் படத்தில் உலவுகின்றான்.

அம்முதியவனைக் கண்டு யான் அஞ்சவில்லை. அத்தகையோன் நம்முள் இலன் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். என்னை உறங்கவிடாதவர் மாரிமுத்து அவர்கள் நடித்த தந்தை. அவர் தீயவரல்லர். மகளிடம் அன்புடையவர், பரியனிடம் மெல்லப் பேசுகின்றார், விலகிப்போ, இல்லையேல் உன்னோடு என் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகின்றார். தம் வீட்டு மண்டபத்தில் தம் உறவினர் முன் 'நிறுத்துங்கள்' என்று ஒரு சொல் உரத்துச் சொல்ல அவரால் இயலவில்லை. நம் கல்யாண மண்டபங்களின் வாயிலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து நிற்கும் எத்தனையோ நல்ல தந்தையரின் முகம் அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது, எனக்கும் ஒரு மகள் உண்டு, கல்லூரியில் படிக்கின்றாள்.

மற்றொன்றும் உண்டு. இத்துணையும் யாரை முன்னிட்டு நிகழ்கின்றதோ, அப்பெண் கடைசிவரை ஒன்றும் அறியாள். தந்தையும் மறைக்கின்றார், பரியனும் மறைக்கின்றான். இருவரும் அவள்மேல் உள்ள அன்பினாலேயே மறைக்கின்றனர். படத்தின் முடிவில் தேநீர்க் குவளைகள் இரண்டும் அவற்றிடையே ஒரு மல்லிகைப்பூவும் காட்டப்படுகின்றன. ஒருவரும் ஒன்றும் பேசுவதில்லை. முன்பு மௌனத்தைப் புகழ்ந்தேன். குறுந்தொகைத் தலைவியின் மௌனம் அவள் தானே கொண்டது. ஜோவின் மௌனமோ, பிறர் அவளுக்கு ஒன்றும் சொல்லாமையால் வந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நம் வீடுகளில் வரன் பார்த்தலும் மறுத்தலும் நிகழும்போது எம்மௌனம் நிலவுகின்றது என்பதை இங்கு அமர்ந்துள்ள தாய்மார்கள் என்னினும் நன்கு அறிவர்.

நம் சங்கக் கட்டிடத்தில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை ஒரு படம் காட்ட நிர்வாகக் குழுவினர் இசைந்திருக்கின்றனர்; அவர்களுக்கு என் நன்றி. முதலில் 'முள்ளும் மலரும்', அடுத்து 'வீடு', மூன்றாவதாகப் 'பரியேறும் பெருமாள்' என்று வரிசை எழுதிக் கொடுத்துள்ளேன். மூன்றாவதன் எதிரே செயலாளர் அவர்கள் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கின்றார்; அதனை நீக்கிவிடுமாறு இச்சபையின் முன்னிலையில் அவரைக் கேட்டுக்கொள்கின்றேன். படம் முடிந்தபின் அரைமணி நேரம் கலந்து பேசலாம். அப்பொழுது பெண்மக்கள் முதலில் பேசட்டும். நாம் பிறகு பேசுவோம்.