வீடு எரியும்போது கிணறு வெட்டலாமா?

(மருதானைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலில் சிந்திய எண்ணெய் அமைச்சின் வாசலைத் தேடிப் போவதில்லை. முகத்துவாரத்து மீனவனின் வலையையும் வெள்ளவத்தைக் கரையையுமே தேடி வரும்.

2017 ஜனவரி 28ஆம் நாள் சென்னையை அடுத்த எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெய்க் குழம்பை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2021 மே மாதத்தில் நம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' எரிந்தது, பிளாஸ்டிக் மணிகள் கரையிலே குவிந்தன, மீனவர் தொழிலிழந்தனர். நூறு கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2025 ஜூலையில். நான்காண்டு கழித்து வரும் தீர்ப்பு முதல்நாள் பட்டினியைத் தீர்க்குமா?

சட்டம் இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடைச் சட்டம் உண்டு. அதிகார சபையும் உண்டு. ஆனால், லொறியும் மண்வெட்டியும் தொழிலாளரும் மாநகர சபையிடமே உள்ளன. முதல் அழைப்பு யாருக்கு? களனி கங்கை முகத்தை மிதவைத் தடுப்பால் அடைப்பவர் யார்? அள்ளிய கழிவைச் சேர்க்கும் இடம் எது? தொழிலாளரின் கையுறை எங்கே? இவற்றை விபத்துக்கு முன்பே எழுதிவைப்பதுதான் திட்டம்.

சட்டம் கற்றவன் என்ற முறையில் இன்னுமொன்று சொல்வேன். எண்ணெய்க் கப்பல் விபத்துகளுக்கான 1992ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை நியாயமான செலவை ஈடு செய்யும். சான்றில்லாத செலவை ஈடு செய்யாது. ஆகவே நாட்கூலி, லொறி வாடகை, அள்ளிய மூட்டை, மீனவனின் இழப்பு அனைத்தும் முதல் நாளிலிருந்தே கணக்கேறவேண்டும்.

வாக்குக் கேட்டு வருவோரிடம், "கரைக்கான திட்டம் எங்கே?" என்று கேளுங்கள். வாய்மொழி வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்!