ஏரிக்கும் ஒரு பங்கு



செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது பழைய வழக்கம். அந்த ஏரிகளைக் கட்டிக் காத்த மக்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தரையோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டார்கள், ஏரி பிறந்தது. நிரம்பிய நீர் கலங்கல் என்னும் வழிவாயின் வழியே அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. கடைசி மிச்சம் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கடலைச் சேரும். மேலூரில் ஒரு கால்வாய் அடைபட்டால் கீழூரில் நடவு இல்லை.

பழைய கலங்கல் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அதன் முதுகில் இடைவெளி விட்டுக் குட்டைக் கற்கள் நட்டிருப்பார்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது அந்த இடைவெளிகள் திறந்தே இருக்க வேண்டும். வெள்ளம் வழிந்தால்தான் கரை தங்கும். மழை ஓயும் தருணத்தில் அவற்றை வைக்கோலும் களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார்கள். இன்னும் ஓரிரு அடி நீர் நிற்கும். கடைசியாக நீர் பெறும் கடைமடை வயலுக்கு அது உயிர். ஒரு நாள் முந்தி அடைத்தால் கரை உடையும், பிந்தினால் நீர் போய்விடும். ஏரிக்குள் நீர் தேங்கும் உள்வாயில் பயிர் வைத்தவருக்கும் ஏரி நீர் பாயும் ஆயக்கட்டின் நிலக்காரருக்கும் சண்டை மூள்வதும் இந்த அடைப்பினால்தான். அடைக்கும் நாளைக் கணிப்பதும் மதகைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவதும் கம்புகட்டியின் பொறுப்பு. பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். அவர் சொந்தமாக நிலம் வைத்திருப்பது அரிது. நீரைப் பங்கிட அவரை ஊர் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நிலத்தில் உரிமை கொடுக்க ஊருக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏரி நிர்வாகத்திலும் இதே கதைதான். உத்திரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆளெடுத்ததைச் சொல்கின்றன. பதவிக்காலம் 360 நாள். நாம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் அந்த ஊர்ச் சபையில் நிலமுள்ள பிராமணர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையாக, கொடுத்தார். 1767 முதல் 1774 வரை கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்த ஆவணங்களை நம் காலத்தில் தேடிப் படித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றாய்வாளர் தரம்பால். அவற்றின்படி, களத்து நெல்லைச் சர்க்காருக்கும் குடியானவருக்கும் பிரிக்கும் முன்பே கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு என்று எடுத்து வைத்தார்கள். அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. கரைக்கு மண் போடும் செலவு விளைச்சலிலிருந்தே வந்தது. யாரிடமும் மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனியின் வரிப்பசி இந்தப் பங்குகளைச் சுருக்கியது. பிறகு 1858-இல் சட்டம் போட்டு ஊராரைக் கரை வேலைக்குக் கட்டாயப்படுத்தினார்கள். பங்கைப் பறித்தபின் உழைப்பை மட்டும் கேட்பது என்ன நியாயம்?

1790களில் இந்தச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பெயர் மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சன்னிதிக் கல்லில் இருக்கிறது. அந்த ஏரியின் கரையை ராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காத்ததை அவர் கண்டார் என்பது ஊர்க்கதை. வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தவரும் அவரே. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது முறையிட்டவர்கள் அவ்வூர் விவசாயிகள். 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலிப் பறவைகள் சரணாலயமும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமையில் முதல் உரிமை அந்த விவசாயிகளுக்கு.

இன்று நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். துறை கரையைப் பார்க்கிறது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலோ மனைப்பிரிவுக்குள் மறைந்துபோகிறது. வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரிந்த கடைசிக் கம்புகட்டிகளுக்கு வயதாகிவிட்டது. ஏரியோரத்தில் மீனும் நண்டும் பிடித்து வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்கும் அது தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

அணுசக்தித் துறைக் குடியிருப்பான இந்த அணுபுரத்தில் அளக்கவும் வரையவும் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறீர்கள். பக்கத்து ஊர் ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்புகட்டியையும் இருளர் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் முழுவதும் நடங்கள். சர்வே எண்ணோடு வரைபடம் போடுங்கள். வழி காட்டியவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். அக்டோபர் 2 கிராமசபை, பருவமழைக்குச் சற்று முன்பு வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் கையில் வரைபடத்தைக் கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்றத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.