கைநாட்டும் மின்கையொப்பமும்

தறியோசையோடு பொழுது விடியும் பொதட்டூர்பேட்டையில், வருமானச் சான்றிதழ் வேண்டி இ-சேவை மையத்துக்குச் செல்லும் நெசவாளர் ஒருவர், வட்டாட்சியரின் மைக்கையெழுத்து இல்லாமல் அச்சாகி வரும் தாளைக் கண்டு, 'இது செல்லுமா?' என்று ஐயுறுவாரேயானால், அச்சந்தேகம் நியாயமானதே. ஆயினும் செல்லும்; 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதிலுள்ள மின்கையொப்பத்துக்கு மைக்கையெழுத்தின் அந்தஸ்தை அளித்துவிட்டது.

இதன் சூட்சுமம் சுவையானது. மின்கோப்பின் வாசகம் முழுவதையும் கணிதமுறையில் சிறியதோர் எண்கோவையாகச் சுருக்கி, ஒப்பமிடுபவருக்கே உரிய இரகசியத் திறவுகோலால் முத்திரையிட்டுவிடுவதால், பின்னர் எவரேனும் ஓர் எழுத்தைத் திருத்தினாலும், சரிபார்க்கும்போது கணக்குப் பொருந்தாது. மையில் இட்ட ஒப்பத்துக்கு இந்தச் சாமர்த்தியம் ஏது?

ஒப்பத்துக்குக் கையின் அச்சை நாடுவதும் புதிதல்ல. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒப்பந்தக்காரரின் கை அச்சையே பதியவைத்துக்கொண்டார். இன்று ஆதார் வழி ஒப்பமிடுவோரும் விரலையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோதான் தருகிறார்கள். நாம் இளக்காரமாகச் சொல்லும் கைநாட்டுக்குத்தான் எத்தனை கௌரவம்! அந்த ஒருமுறை எண்ணைப் பிறரிடம் சொல்வது, வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுப்பதற்குச் சமானம்.

ஆனால் உயிலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தாது. அதற்கு இன்றும் காகிதமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.