பெயர் போடாத இசைத்தட்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்துறையில் மாற்றங்கள்னு ஏதாவது பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் என்னிடம் சொன்னார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே மேடையில் அதைக் கேட்டாகிவிட்டது. "அண்ணே, ஒரு பாட்டுக் கோஷ்டியைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கிலீஷ் பாட்டா? சரி, இருபது நிமிஷம்தான்" என்றார். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். பீ ஜீஸ். வெள்ளை உடை போட்டுக்கொண்டு, கீச்சென்று பெண் குரலில் பாடுகிற மூன்று பேர் என்றுதான் பலருக்கும் அவர்களைப் பற்றி ஞாபகம். அந்த வெள்ளை உடையும் கீச்சுக் குரலும் அவர்கள் வாழ்க்கையில் நாலைந்து வருட சமாச்சாரம். அதற்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய நாற்பது வருடம் இருக்கிறது. அந்த நாற்பது வருடத்தில்தான் எனக்கு ஆர்வம்.

மூவரும் அண்ணன் தம்பிகள். மூத்தவர் பேரி கிப், 1946இல் பிறந்தவர். ராபினும் மோரிஸும் இரட்டையர், 1949. பிறந்தது இங்கிலாந்துக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் மேன் தீவில். கொஞ்ச காலம் மான்செஸ்டரில் இருந்துவிட்டு 1958இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார்கள். அங்கே பிரிஸ்பேனுக்குப் பக்கத்தில் ரெட்கிளிஃப் என்ற ஊரில் பந்தய மைதானம் ஒன்று இருந்தது. ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் இந்தப் பொடியன்கள் மைக்கில் பாடுவார்கள். ஜனங்கள் ஓடுபாதையில் காசு வீசுவார்கள். அடுத்த பந்தயம் தொடங்குவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். இவர்களைக் கவனித்து வானொலிக்கு அழைத்துப்போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பில் குட், இன்னொருவர் பில் கேட்ஸ். கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்கள் நிமிர வேண்டாம், இவர் வேறு பில் கேட்ஸ்! இவர்கள் பெயர்களின் முதலெழுத்தும் பேரி கிப்பின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்ததால் வந்த பெயர்தான் பீ ஜீஸ்.

1967 தொடக்கத்தில் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து திரும்பியது. அங்கே ராபர்ட் ஸ்டிக்வுட் என்ற மேலாளர் இவர்களை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் இங்கிலாந்தில் பீட்டில்ஸைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஊர் பேர் தெரியாத மூன்று பையன்களை யார் கேட்பார்கள்? ஸ்டிக்வுட் ஒரு தந்திரம் செய்தார். முதல் இசைத்தட்டை வானொலி நிலையங்களுக்கு அனுப்பும்போது நடுவில் ஒட்டும் லேபிளில் பாட்டின் பெயரை மட்டும் போட்டார். பாடியவர்கள் பெயரைப் போடவில்லை. பீட்டில்ஸின் புதுப் பாட்டோ என்று நினைத்துச் சில அறிவிப்பாளர்கள் அதை ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள். சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளி ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் தன் மனைவியின் படத்தைக் காட்டுகிற பாட்டு அது. முந்தின வருடம் வேல்ஸில் ஆபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்துபோனார்கள். அந்தத் துயரம்தான் பாட்டுக்கு விதை. இருபது வயதுகூட ஆகாத ராபினும் இருபதே வயதான அண்ணனும் எழுதியது என்று நம்ப முடியாது.

பாட்டு ஓடியது, பெயரும் வெளியே வந்தது. அடுத்த நாலைந்து வருடம் வயலின் கூட்டமும் சோகப் பாட்டுமாக அவர்கள் கொடி பறந்தது. அப்போது முன்னால் நின்றது ராபினின் நடுங்கும் குரல். இடையில் 1969இல் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து ராபின் பிரிந்துபோனார், 1970இல் திரும்பி வந்தார். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். 1971இல் அமெரிக்காவில் முதலிடம்.

அதன் பிறகு சரிவு. சோகப் பாட்டு ஜனங்களுக்கு அலுத்துப்போனது. 1973இல் முழு ஆல்பம் ஒன்றைத் தயார் செய்து கொடுத்தார்கள். கம்பெனி வெளியிட மறுத்துவிட்டது. 1974இல் வட இங்கிலாந்தில் பேட்லி என்ற சின்ன ஊரின் கிளப்பில் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஜனங்கள் மேஜை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பேரிக்கு அப்போது வயது 27. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவது வேலை தேடிய வயது. இவர்களோ "ஒரு காலத்துல பெரிய ஆளுங்க" ஆகிவிட்டிருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை வருகிறது. பழைய பாட்டையே பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கலாம், வயிறு நிறைந்திருக்கும். அவர்கள் ஆரிஃப் மார்டின் என்ற துருக்கியில் பிறந்த தயாரிப்பாளரிடம் போய் மாணவர்களைப் போல உட்கார்ந்தார்கள். முதல் முயற்சி தோற்றது. பிறகு எரிக் கிளாப்டன் சொன்ன யோசனைப்படி அமெரிக்காவில் மயாமி நகரத்துக்குப் போய் கிரைட்டீரியா என்ற ஸ்டுடியோவில் வேலையைத் தொடங்கினார்கள்.

சிவில் அண்ணன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கியிருந்த வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில் ஜூலியா டட்டில் காஸ்வே என்று கடல்மேல் ஒரு நீளப் பாலம். கார் போகும்போது பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கி 'சங்க சங்க' என்று ஒரே சீராகச் சத்தம் வரும். நமக்கு அது பராமரிப்புக் கோப்பில் ஒரு வரி. பேரிக்கு அது தாளம். அவருடைய மனைவிதான் முதலில் அந்தச் சத்தத்தைக் கவனித்துச் சொன்னாராம். அந்தத் தாளத்தில் பிறந்த பாட்டு 'ஜைவ் டாக்கின்'. அதே நாட்களில் வேறொரு பாட்டுக்கு, கடைசியில் யாராவது உச்சஸ்தாயியில் கத்தினால் நன்றாக இருக்கும் என்றார் மார்டின். பேரி முயன்று பார்த்தார். தனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

பாட்டு தயார். ஆனால் பீ ஜீஸ் என்று லேபிளில் போட்டால் வானொலிக்காரர்கள் கேட்காமலே ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் மறுபடியும் பெயர் போடாத இசைத்தட்டு! 1967இல் பெயர் யாருக்கும் தெரியாது என்று மறைத்தார்கள். 1975இல் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காகவே மறைத்தார்கள். கேட்டவர்கள் யாரோ புது ஆட்கள் என்று நினைத்தார்கள். ஆகஸ்டில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் உள்ளே ஒரு எஞ்சினியர் சமாச்சாரம் இருக்கிறது. 1977இல் பிரான்சில் ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, டிரம்ஸ் வாசிக்கும் டென்னிஸ் பிரையன் குடும்பத்தில் உடல்நலக்குறைவு என்று ஊருக்குப் போக வேண்டி வந்தது. ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. தாளப் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள், உயிரில்லை. அங்கிருந்த ஆல்பி காலுட்டன், கார்ல் ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். பிரையன் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' என்ற பாட்டுக்கு வாசித்ததிலிருந்து இரண்டே தாளச் சுற்றுகளை எடுத்துத் தனி நாடாவில் பதித்தார்கள். அந்த நாடாவின் இரண்டு முனைகளையும் வெட்டி ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் நீளம், மெஷினுக்குள் அடங்காது. ஒரு மைக் ஸ்டாண்டின் மேல் சுற்றிவிட்டு, தொய்வு வராமல் இருக்க ஒரு காலி ரீலை எடைக்காகத் தொங்கவிட்டார்கள். மெக்கானிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெல்ட்டுக்கு டென்ஷன் கொடுக்கிற அதே வேலை. மெஷின் ஓட ஓட அதே இரண்டு சுற்று திரும்பத் திரும்ப, துளி பிசகாமல் வந்தது. அதன்மேல் கட்டிய பாட்டுதான் 'ஸ்டேயின் அலைவ்'.

டிரம்ஸ் வாசித்தவர் பெயர் போட வேண்டுமே? பெர்னார்ட் பர்டி என்று அப்போது புகழ்பெற்ற டிரம்மர் ஒருவர் இருந்தார். அதைக் கேலியாக்கி 'பெர்னார்ட் லூப்' என்று போட்டார்கள். அந்த லூப் எங்கே இருக்கிறார், எங்கள் பாட்டுக்கும் வாசிப்பாரா என்று பிறகு சிலர் விசாரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஒரு உறுத்தலும் உண்டு. வளையத்துக்குள் சுற்றியது ஊருக்குப் போயிருந்த ஒரு மனிதனின் கைதான். இன்றைக்கு நம்முடைய வேலையிலும் இந்தக் கணக்கு வருகிறது, தம்பிகள் யோசித்துப் பாருங்கள்.

1977 நவம்பரில் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் இசைத்தட்டு அடுத்த வருடம் அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1977 டிசம்பரிலிருந்து 1979 ஜூன் வரை இவர்களுடைய ஆறு பாட்டுகள் அடுத்தடுத்து அமெரிக்காவில் முதலிடம். நடுவில் 1978இல் பீட்டில்ஸ் பாட்டுகளை வைத்து ஒரு சினிமாவில் நடித்தார்கள். அதைப் பார்க்கச் சொல்லி உங்களில் யாருடைய ஞாயிற்றுக்கிழமையையும் நான் கெடுக்க மாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பேரியின் உச்சஸ்தாயி முன்னால் வந்தபோது ராபினின் அந்த அழுகைக் குரல் பின்வரிசைக்குப் போயிற்று. என் காதுக்கு அது நஷ்டம்தான்.

ஆறாவது முதலிடம் வந்த அடுத்த மாதம், 1979 ஜூலை 12. சிகாகோவில் காமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ராக் இசைக்காரர். அவருடைய நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதில் வேலை போனவர். அவர் முன்னின்று ஒரு ஏற்பாடு: டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட்தான். ஏறக்குறைய 50,000 பேர் குவிந்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் இசைத்தட்டுகளைப் பெட்டியில் போட்டு வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே வேலை பார்த்த கறுப்பின இளைஞர் ஒருவர் பிறகு சொன்னார்: ஜனங்கள் கொண்டுவந்தவற்றில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் என்று. வேலை போன மனிதனின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த வேறு வெறுப்பை மன்னிக்க முடியவில்லை.

அந்த அலை பீ ஜீஸை அப்படியே சுருட்டியது. அமெரிக்க வானொலிகள் இவர்களைத் தொடவே பயந்தன. குரலைக் கேட்டாலே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த முறை லேபிளை வெள்ளையாக விட்டுப் பிரயோஜனமில்லை.

ஆகவே குரலையே எடுத்துவிட்டார்கள். பாட்டு எழுதி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 1980இல் பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு 'உமன் இன் லவ்': அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். அதில் கேட்கும் டிரம்ஸ், பிரான்சில் செய்த அதே நாடா வளையம்தான்! 1982இல் டியான் வார்விக்குக்கு 'ஹார்ட்பிரேக்கர்'. 1983இல் கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்'. அது கிராமிய பாணியான கன்ட்ரி பட்டியலிலும் முதலிடம். 1986இல் டயானா ராஸுக்கு ஒன்று, இங்கிலாந்தில் முதலிடம். டிஸ்கோ தட்டுகளைக் கொளுத்தியவர்கள் காரில் போகும்போது இந்தப் பாட்டுகளை முணுமுணுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சந்தர்ப்பவாதிகள், காற்றடிக்கிற பக்கம் சாய்ந்தவர்கள் என்று இவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. போன தடவை நாம் கூடியபோது மதியச் சாப்பாட்டில் ஒரு அண்ணன் என்னோடு இதற்காகவே அரை மணி நேரம் சண்டை போட்டார். அவருக்கு என் பதில்: 1967 பாட்டையும் 1977 பாட்டையும் 1987 பாட்டையும் எடுத்து, வாத்தியங்களை மனசுக்குள் கழித்துவிட்டுக் கேளுங்கள். ரெட்கிளிஃப் மைதானத்தில் பாடிய மூன்று குரல் ஒன்றின்மேல் ஒன்று படிகிற அந்த நெசவு அப்படியே இருக்கும். 1987 என்று சும்மா சொல்லவில்லை. அந்த வருடம் தங்கள் சொந்தப் பெயரிலேயே 'யூ வின் அகெய்ன்' வெளியிட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தார்கள். அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் என்று மூன்று பத்தாண்டிலும் அங்கே முதலிடம் கண்ட முதல் குழு இவர்கள்தான். அமெரிக்காவில் அந்தப் பாட்டு ஏறவே இல்லை.

எங்கள் ஆலையில் முதலுதவிப் பயிற்சி நடந்தபோது, நின்றுபோன இதயத்தை இயக்க நெஞ்சில் எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அளவு மனதில் நிற்பதற்குப் பயிற்சியாளர் ஒரு பாட்டைப் போட்டார். எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை, அதன் வேகம் நிமிடத்துக்கு 103 தட்டு. தரையில் முட்டி போட்டு பொம்மையை அழுத்திக்கொண்டிருந்த ஃபிட்டர் ஒருவர், "சார், யாரு சார் டிரம்ஸ்? மெஷின் மாதிரி அடிக்கிறாரு" என்று கேட்டார்.

மோரிஸ் 2003இல் காலமானார். ராபின் 2012இல். கடைசித் தம்பி ஆண்டி, தனியாகப் பாடிப் பெயரெடுத்தவர், இவர்களுக்கெல்லாம் முன்பே 1988இல் முப்பது வயதில் போய்விட்டார். மிஞ்சிய பேரி, 2021இல் வெளிவந்த 'கிரீன்ஃபீல்ட்ஸ்' என்ற ஆல்பத்துக்காக அந்தப் பழைய பாட்டுகளையெல்லாம் நாஷ்வில் நகரத்துக்கு எடுத்துக்கொண்டுபோய், டாலி பார்ட்டன் போன்ற கன்ட்ரி பாடகர்களோடு அவர்கள் பாணியில் மறுபடி பாடினார். எழுபது வயதுக்கு மேல் இன்னொரு பாணி! அது இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. மூன்று குரல் இருந்த இடங்களில் அவரோடு வேறு வேறு ஆட்கள் பாடுகிறார்கள். ஹாஸ்டல் நண்பர்கள் மாலையில் என் அறைக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறேன், ஸ்பீக்கர் கொண்டுவந்திருக்கிறேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.